மண்ணெண்ணெய் என்று எழுதிப் பாருங்கள்

தங்கச்சி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். பிரதேச செயலகம் ஒன்றில் வேலை. பகல் முழுவதும் படிவமும் பதிவுக் கொப்பியும். இரவில் தடைதாண்டல் பரீட்சைக்குக் குறிப்பு எழுதுகிறீர்கள். மூன்று கிழமைக்கு ஒரு பேனை நின்றுபோகிறது. பின்னேரமானால் பெருவிரல் மூட்டு நோகிறது. விலை கூடின ஒன்றை வாங்குவதா, மலிவில் ஒரு பெட்டி வாங்கி வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்தாம் ஆண்டு படிக்கிற மகனுக்கு எது நல்லது என்று கடைசியில் ஒரு வரி.

நான் கொக்குவிலில் 1998இல் ஒரு சின்னப் புத்தகக்கடை திறந்து 26 வருடம் நடத்தினவன். பேனை விற்றதைவிட, "அண்ணை, இது எழுதுதில்லை" என்று திருப்பிக் கொண்டுவந்த பேனைகளைப் பார்த்துத்தான் கூடப் படித்தேன்.

விடையை முதலே சொல்கிறேன். அலுவலகத்துக்கு 0.7 மில்லிமீற்றர் முனையுள்ள குமிழ்முனைப் பேனை, நீலம், இளகின மை உள்ள வகை, ரீஃபில் மாற்றக்கூடியது. வீட்டில் குறிப்பு எழுத 0.5 ஜெல் ஒன்று. அழிக்கக்கூடிய மை உள்ள பேனையை அலுவலக மேசைக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டாம். அவசரமென்றால் இவ்வளவும் போதும். நேரமிருந்தால் மிச்சத்தையும் வாசியுங்கள், ஏனென்றால் உங்கள் நோவுக்குக் காரணம் பேனையாக இல்லாமலும் இருக்கலாம்.

நேற்று எழுதின கொப்பியை எடுங்கள். ஒரு பக்கத்தைப் புரட்டி, அதன் பின்பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். எழுத்து முழுவதும் மேடு மேடாகக் கையில் படுகிறதா? அப்படியென்றால் நீங்கள் அமத்தி எழுதுகிற ஆள். விரல் நோகுது என்று கடைக்கு வந்தவர்களில் அநேகம் பேரின் கொப்பி அப்படித்தான் இருந்தது. அவர்களுக்கு ஆயிரம் ரூபாய்ப் பேனையும் நோகும், நாற்பது ரூபாய்ப் பேனையும் நோகும்.

அமத்த வைப்பது பழைய வகைக் குமிழ்முனையின் பிறவிக் குணம். லஸ்லோ பிரோ என்ற ஹங்கேரிப் பத்திரிகையாளர், பத்திரிகை அச்சடிக்கிற மை உடனே காய்ந்துபோவதைக் கண்டு, அந்த மையையே பேனைக்குள் விடலாமா என்று யோசித்தார். ஊற்றுப்பேனையின் முனையால் அந்தப் பசை இறங்காது. அதனால் நுனியில் ஒரு உருண்டையை வைத்தார். 1938இல் காப்புரிமை எடுத்தார். ஆக அந்த உருண்டை பிறந்ததே தடிப்பான மையை இழுத்துக்கொண்டு வரத்தான். உருண்டை உருண்டால் மை வரும், உருளாவிட்டால் வராது. உருட்டக் கொஞ்சம் பாரம் வேண்டும். அந்தப் பாரத்தை நாங்கள் தேவைக்கு மேல் கொடுத்துப் பழகிவிட்டோம்.

இளகின மை என்று நான் சொன்னது இதற்குத்தான். யூனிபோல் ஜெட்ஸ்ட்ரீம் 2006இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் மையும் எண்ணெய் வகைதான், ஆனால் தடிப்புக் குறைவு. ஜெல் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும், குமிழ்முனை மாதிரிக் கெதியாகக் காயும். அதே மாதிரி மை இப்போது இந்தியப் பேனைகளிலும் சீனப் பேனைகளிலும் மலிவாக வருகிறது. பெயரைப் பார்க்க வேண்டாம். கடையில் வாங்குமுன் பேனையை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, அதன் சொந்தப் பாரத்தில் மட்டும் தாளில் இழுத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் வாங்கலாம்.

அப்போது என்ன எழுதிப் பார்ப்பது? எல்லாரும் கையெழுத்து வைத்துப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் சுருள் சுருளாகக் கிறுக்குவார்கள். எங்கள் கடையில் அதற்கென்று பழைய கலண்டர்த் தாளை வெட்டிக் கட்டி வைத்திருந்தேன். வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒரே சொல்: "மண்ணெண்ணெய் என்று எழுதுங்கோ." சிரிப்பார்கள். ஆனால் பேனையின் குணம் முழுக்க அந்தச் சொல்லில் தெரியும். அதில் நான்கு ணகரம், மூன்று புள்ளி. ணகரத்தின் சுழிகள் ஒன்றுக்குள் ஒன்று நெருங்கி நிற்கும். 1.0 முனையால் ஒற்றைக்கோட்டுக் கொப்பியில் சின்னதாக எழுதினால் சுழிகள் மையால் அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடும். ஆங்கிலத்துக்குத் தோதான முனை தமிழுக்குத் தோதாக இருக்க வேண்டுமென்றில்லை. பேனையில் போட்டிருக்கிற 1.0, 0.7 எல்லாம் உருண்டையின் விட்டம். கோடு அதைவிட மெல்லிசு, 1.0 உருண்டையில் ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர்தான். அப்படியிருந்தும் எங்கள் எழுத்துக்கு 0.7 தான் அளவு. அதைவிடக் கூரான குமிழ்முனை, அமத்துகிறவரின் கையில் தாளைக் கீறும்.

புள்ளியில் இன்னொரு சங்கதி இருக்கிறது. குமிழ்முனையால் புள்ளி குத்தும்போது உருண்டை உருள்வதில்லை, தாளில் தொட்டுவிட்டு வருகிறது. அதனால் எழுத்து நல்ல நீலமாக இருக்கும், புள்ளி மட்டும் மங்கலாக இருக்கும், சில இடத்தில் இருக்கவே இராது. வேகமாக எழுதின குறிப்பை ஆறு மாதம் கழித்து வாசிக்கும்போது "பட்டம்" எது, "படடம்" எது என்று தடுமாறுகிறோமே, பாதிக் குற்றம் பேனையுடையது. ஜெல் மை தண்ணீர் வகை, தொட்ட இடத்தில் ஒட்டும், புள்ளி தெளிவாக விழும். படிக்கிற குறிப்புக்கு ஜெல் என்று நான் சொன்னதற்கு முதற்காரணம் இதுதான். (ஓலையில் எழுதின காலத்தில் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளியே போடாமல் எழுதினார்கள். வாசிக்கிறவர்தான் இடம் பார்த்துப் புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மங்கல் புள்ளியைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவுதான் வரும்.)

மண்ணெண்ணெய் என்ற சொல்லை நான் பிடித்ததற்கு வேறு காரணமும் உண்டு. நான் உயர்தரம் படித்தது கரண்ட் இல்லாத காலம். ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில்தான் படிப்பு. மண்ணெண்ணெய் துளித் துளியாய்க் கணக்கு. பேனை நின்றுவிட்டால் புதுசு வாங்குகிற பேச்சில்லை, ரீஃபிலைக் கழற்றி விளக்குச் சூட்டுக்குக் கிட்டப் பிடிப்போம். மை இளகி மறுபடியும் எழுதும். ஒருநாள் கிட்டப் பிடித்தது கூடிப்போய் ரீஃபில் வளைந்து, அம்மாவின் சீலையெல்லாம் நீலம். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். ரீஃபிலின் நுனியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு, றபர்ச் செருப்பின் அடியில் நாலைந்து இழுப்பு இழுங்கள். றபர் உருண்டையைப் பிடித்து உருட்டும். தாளில் கிறுக்குவதைவிட அது பத்து மடங்கு பலன் தரும்.

இனி, மூன்று கிழமைக்கு ஒன்று நிற்கிறது என்ற முறைப்பாடு. நின்ற பேனையின் ரீஃபிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மை முடிந்திருந்தால் பேனையில் பிழையில்லை. பிக் கிறிஸ்டல் 2 கிலோமீற்றருக்கு மேல் எழுதும் என்பது தயாரிப்பாளர் சொல்லுகிற கணக்கு. எங்கள் சுழி எழுத்தில் ஒரு கொப்பிப் பக்கம் நிரப்ப, என் மதிப்பில், பத்து மீற்றர் கோடு போகும். அப்படிப் பார்த்தால் ஒரு பேனைக்கு 200 பக்கம். நாளைக்குப் பத்துப் பதினைந்து பக்கம் எழுதுகிறவருக்கு மூன்று கிழமை சரியான கணக்குத்தான். ஜெல் என்றால் இன்னும் கெதியாக முடியும், ஏனென்றால் அது மையைத் தாராளமாக ஊற்றுகிறது.

மை மிச்சமிருக்க நின்றிருந்தால், முதற் சந்தேகம் விழுந்திருக்கும் என்பது. சீமெந்து நிலத்தில் முனை கீழாக ஒருமுறை விழுந்தால் போதும், உருண்டை இருக்கிற கிண்ணம் நசுங்கிவிடும். அதற்குப் பிறகு செருப்பும் இல்லை, சுடுதண்ணீரும் இல்லை. இரண்டாவது, சோளகம். வைகாசி தொடங்கிக் காற்றோடு வருகிற புழுதி, மூடாமல் மேசையில் கிடக்கிற முனையில் போய் ஒட்டும். ஃபானுக்குக் கீழே மூடியில்லாமல் கிடக்கிற ஜெல் முனை காய்ந்தும் போகும். மூன்றாவது, வியர்வை. கை பட்டுப் பட்டு எண்ணெய்ப் பிடிப்பான தாளில் உருண்டை பிடிக்காமல் வழுக்கும், எழுத்து விட்டுவிட்டு வரும். படிவத்தின் கீழ்ப்பக்கத்தில், கையெழுத்து வைக்கிற இடத்தில் மட்டும் பேனை நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அங்கேதான் எல்லாரும் கையை ஊன்றுகிறார்கள். கைக்குக் கீழே ஒரு துண்டுத்தாள் வைத்தால் சரி. சுவரில் தாளை வைத்துப் பேனையை மேல்நோக்கிப் பிடித்துக் கையெழுத்துப் போடுகிற பழக்கமும் கூடாது. மை பின்வாங்கிக் காற்று உள்ளே போகும்.

தாளைப் பற்றிச் சொல்லாமல் பேனையைப் பற்றிச் சொல்ல முடியாது. 2022 பங்குனியில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளிப்போட்டார்கள், நினைவிருக்கும். அந்த வருடம் கடைக்கு வந்த கொப்பிகளில் சிலதின் தாள் வெங்காயத் தோல் மாதிரி. ஜெல்லால் எழுதினால் மறுபக்கம் தெரியும், ஊற்றுப்பேனையால் எழுதினால் மறுபக்கத்துக்கே மை வந்துவிடும். பொருளாதாரம் கொஞ்சம் நிமிர்ந்தாலும் மலிவுக் கொப்பியின் தாள் இன்னும் அந்தக் குணத்தை விடவில்லை. இரண்டு பக்கமும் எழுதுகிறவர் என்றால் ஜெல் வாங்குமுன் உங்கள் கொப்பியின் கடைசித் தாளை ஒரு துண்டு கிழித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் தருகிற துண்டில் எல்லாப் பேனையும் நன்றாகத்தான் எழுதும். காபன் தாள் வைத்த பற்றுச்சீட்டுப் புத்தகம் எழுதுகிற வேலையென்றால் பேச்சே இல்லை, கெட்டியான பழைய குமிழ்முனைதான். அங்கே அமத்தத்தான் வேண்டும்.

மை நிற்குமா என்பதற்கும் வீட்டிலேயே சோதனை செய்யலாம். ஒரு தாளில் நாலு பேனையால் எழுதி, ஒரு நாள் காயவிட்டு, பாதியைத் தண்ணீரில் தோயுங்கள். மற்றப் பாதியை வெயில் படுகிற யன்னலில் இரண்டு கிழமை ஒட்டி வையுங்கள். குமிழ்முனை மை தண்ணீருக்குப் பெரும்பாலும் அசையாது, ஆனால் நீலம் வெயிலுக்கு வெளிறும். ஜெல்லில் இரண்டு சாதி. நிறத்தூள் கலந்தது காய்ந்த பிறகு நிற்கும், வெறும் சாயம் கலந்தது கார்த்திகை மழையில் ஒருமுறை நனைந்தால் தாள் முழுக்கப் பரவும். வெளியே பார்த்துப் பிரித்தறிவது லேசில்லை, அதனால்தான் தோய்த்துப் பார்க்கச் சொல்கிறேன். ஏன் நீலம் என்றால், நிழற்பிரதியிலிருந்து மூலப்பிரதியைக் கண்ணால் பிரிக்கலாம். மற்றபடி கறுப்பிலும் குற்றமில்லை.

அழிக்கக்கூடிய பேனை பற்றிச் சொன்னேன் அல்லவா. பைலட் ஃபிறிக்சன் அந்த வகையில் பெயர்போனது. அதன் மை உண்மையில் அழிபடுவதில்லை. பேனையின் பின்பக்கத்து றபரால் தேய்க்கும்போது உண்டாகும் சூட்டில், 60 பாகை செல்சியசை எட்டினதும் நிறம் மறைகிறது. குறிப்பு எழுத அருமையான சாமான். எங்கள் கடையில் லமினேற் பண்ணுகிற மெசின் இருந்தது. ஒருநாள் ஒரு பொடியன் விளையாட்டுக் கழகத்து அங்கத்துவ அட்டைகள் இருபது கொண்டுவந்தான். பெயர், இலக்கம், திகதி எல்லாம் அழகான கையெழுத்தில். முதலாவதை மெசினுக்குள் விட்டேன். மற்றப் பக்கத்தால் வெளியே வந்தது வெறும் அட்டை. அச்சடித்த கழகப் பெயர் இருக்கிறது, எழுதினது ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். என்ன பேனை என்று கேட்ட பிறகுதான் விளங்கியது. அந்த மை கடுங்குளிரில் திரும்பி வரும் என்று எங்கேயோ வாசித்த ஞாபகத்தில், அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் ஐஸ்பெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன். காலையில் எழுத்து மங்கலாகத் திரும்பி வந்திருந்தது. பொடியன் மிச்சம் பத்தொன்பதையும் வேறு பேனையால் எழுதிக்கொண்டு வந்தான். உங்கள் அலுவலகத்தில் ஒரு காசோலையோ காணிப் படிவமோ அப்படிப் போய்விட்டால் ஐஸ்பெட்டி உதவாது. வெயிலில் பூட்டி நிறுத்தின வாகனத்துக்குள்ளும் அந்தச் சூடு வரும்.

ஊற்றுப்பேனையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. அமத்துகிற கைக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. அமத்தினால் முனை விரிந்துவிடும் என்ற பயத்திலேயே கை இளகும். எங்கள் அப்பா ஒரு சீன ஹீரோப் பேனையை வருடக்கணக்காக வைத்திருந்தார், சரஸ்வதி பூசைக்குப் புத்தகத்தோடு அதையும் படைப்பார். வீட்டில் நல்ல தாளில் நாளுக்கு ஒரு பக்கம் அதால் எழுதிப் பாருங்கள், இரண்டு மாதத்தில் குமிழ்முனையைப் பிடிக்கிற பிடியே மாறும். அலுவலகத்துக்கு மட்டும் வேண்டாம். கழுவினால் போகும் நீல மை, பெயரில் உள்ளபடியே கழுவினால் போகும்.

மகனுக்குப் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. பாரமில்லாத பேனை, விரல் வைக்கிற இடம் முக்கோணமாகவோ றபராகவோ இருந்தால் நல்லது. எங்கள் பள்ளிக்கூடங்களைச் சுற்றின கடைகளில் கிடைக்கிற அட்லஸ் சூட்டி மாதிரி ஒன்றே தாராளம். மினுங்குகிற உலோகப் பேனை அவனுக்குப் பரிசாக வந்தால் லாச்சியில் வைத்துவிடுங்கள். மூடியுள்ள பேனையென்றால் மூடியின் தலையில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை தவறி விழுங்கினாலும் மூச்சு முற்றாக அடைபடாமல் இருக்க விட்ட ஓட்டை அது.

போலிகளும் உண்டு. ஒருமுறை கொழும்பில் ஒரு மொத்த வியாபாரியிடம் பெயர்போன பேனை என்று எட்டுப் பெட்டி எடுத்து வந்தேன், விலை கொஞ்சம் குறைவு என்ற ஆசையில். இரண்டு கிழமையில் பாதி திரும்பி வந்தது. காசைத் திருப்பிக் கொடுத்தே களைத்துப் போனேன். அதற்குப் பிறகு நான் பார்க்கிறது: பெயர் அச்சு நகத்தால் சுரண்ட உரிகிறதா, முனையை ஆட்டினால் ஆடுகிறதா, நுனியில் மெழுகுப் பொட்டு இருக்கிறதா. புதுப் பேனையின் நுனியில் சின்ன மெழுகுத் துளி கண்டால் பழுது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அது காயாமல் இருக்க வைத்த பாதுகாப்பு, இரண்டு கோடு இழுத்தால் போய்விடும்.

கடைசியாகப் பெட்டியா, விலை கூடினதா? பெட்டி வேண்டாம். எங்கள் வெக்கையில் லாச்சிக்குள் இரண்டு வருடம் கிடந்த பேனை புதுசாக இருந்தாலும் கிழவிதான், மை இறுகியிருக்கும். கைக்குப் பிடித்த ஒரு உடம்பு, அதற்கு மூன்று ரீஃபில், இதுதான் என் கணக்கு. ரீஃபில் தேடி அலையாமல் இருக்க, பார்க்கர் வகை ரீஃபில் போகிற பேனையாகப் பாருங்கள். 98 மில்லிமீற்றர் நீளம், பல கம்பனிகள் அதே அளவில் செய்கின்றன, குமிழ்முனையும் உண்டு, ஜெல்லும் உண்டு. ஒரே பேனைக்குள் மாற்றி மாற்றிப் போடலாம். வாங்கப் போகும்போது பழைய ரீஃபிலைக் கையோடு கொண்டுபோய், புதுசுக்குப் பக்கத்தில் வைத்து நீளத்தையும் தோள்ப்பகுதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்றைத் தந்துவிடுவார்கள், வீட்டுக்கு வந்து போட்டால் முனை உள்ளேயே நிற்கும்.